முதல் புள்ளியில் நின்ற குரல்

அத்தியாயம் 6

திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, அந்தப் பதினாறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பராமரிப்புப் பிரிவில் வேலையில் இருந்தவர்கள்:

லிஃப்ட் மெக்கானிக். மூன்றாம் லிஃப்டின் குழிக்குள், பழுது பார்த்துக்கொண்டு. பத்து நாற்பத்தொன்றுக்கு உயிரோடு இல்லை.

அவருடைய மச்சான், எலக்ட்ரீஷியன். மொட்டைமாடி மோட்டார் ரூமில். நிறுத்தி வைத்திருந்த லிஃப்டுக்கு மின்சாரத்தைப் போட்டது இவன் கை; அது குழிக்குள் இறங்கியது. இப்போது லாக்கப்பில்.

பராமரிப்பு மேனேஜர். தரைக்குக் கீழே, தன் அறையில் இருந்ததாகச் சொல்கிறார்.

புரோகிராமர். அதே தளத்தில், கம்ப்யூட்டர் ரூமில் இருந்ததாகச் சொல்கிறான்.

வயர்லெஸ் ஆபரேட்டர் அம்மா. கன்ட்ரோல் ரூமில் இருந்திருக்க வேண்டியவர். தலைவலி மாத்திரை வாங்கப் போனார். பத்தரையிலிருந்து பத்து ஐம்பது வரை மருந்துக்கடைக் கேமராவில் தெரிகிறார்.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, உளி இதை ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். போலீஸ் வேலையில் இருந்தபோது கூட இருந்தவர்கள் வைத்த பெயர் அது. வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய வந்தும் பெயர் விடவில்லை. அவளுடைய உதவியாளன் எட்டிப் பார்த்தான். மூன்றாம் வருடத்தோடு கம்ப்யூட்டர் படிப்பைக் கைவிட்டவன். வீட்டில் அவனை 'வெட்டி' என்று கூப்பிட்டார்கள். அதையே விசிட்டிங் கார்டிலும் போட்டுக்கொண்டான்.

“அஞ்சு பேர். ஒருத்தர் செத்துட்டாரு, ஒருத்தன் உள்ள இருக்கான், ஒருத்தங்க மருந்துக்கடையில. மிச்சம் ரெண்டே பேர். சின்னப் பட்டியலா இருக்கேன்னு சந்தோஷப்படலாமா மேடம்?”

“மணி என்ன?”

“ஒண்ணு பத்து.”

“மூணு மணிக்கு அந்தப் பையனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. சந்தோஷத்தை அப்புறம் வச்சுக்கலாம்.”

இருவரும் தரைக்குக் கீழே இருந்த தளத்துக்குப் படியிறங்கினார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்டில் ஏற வெட்டிக்கு மனசில்லை. ஜன்னல் இல்லாத தளம் அது. தலைக்கு மேலே குழாய்கள், ஈரம் கசிந்த சுவர், நடைபாதை முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சம். பகலா இரவா என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. மூன்றாம் லிஃப்டின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மற்ற லிஃப்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்று இறங்கும்போதும் காலடியில் தரை லேசாக அதிர்ந்தது.

நடைபாதை பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்தாள். புருஷன் பிணவறையில், தம்பி லாக்கப்பில். உளியைக் கூப்பிட்டது அவள்தான். அழுது முடித்திருந்தாள். இப்போது முகத்தில் ஒன்றும் இல்லை.

“ஸ்டேஷனுக்குப் போனியாம்மா?” என்றாள் உளி.

“போனேன். தம்பி அதே வார்த்தையத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றான். வாக்கி-டாக்கியில கன்ட்ரோல் ரூம்லேர்ந்து ஒரு சார் சொன்னாரு, போட்டேன்னு. எந்த சாருடான்னா, பக்கத்து மோட்டாரெல்லாம் ஓடிட்டிருந்துச்சு, குரல் பிடிபடலங்கறான்.” அவள் நிமிர்ந்தாள். “அவன் வேணும்னே போட்டான்னு எழுதியிருக்காங்க. போன மாசம் அவருக்கும் இவனுக்கும் ஒரு வாய்ச்சண்டை. எங்க வீட்டுக் கூடத்துல. அத யாரு போலீஸ்ல போய்ச் சொன்னதுன்னே தெரியல.”

“எதுக்குச் சண்டை?”

“இவன் ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டுறான்னு.”



கட்டடத்தின் ஏற்பாடு இது. குழியில் இருப்பவனுக்கும் மோட்டார் ரூமில் இருப்பவனுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வேறு வேறு சேனல். குழியில் இருப்பவன் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வான், கன்ட்ரோல் ரூம் மேலே சொல்லும். கன்ட்ரோல் ரூம் மேஜையில் யார் எது பேசினாலும் கம்ப்யூட்டர் பதிவு செய்துகொள்ளும். ஒரு பேச்சுக்கு ஒரு ஃபைல். பெயரில் லிஃப்ட் எண்ணும் நேரமும். திங்கட்கிழமை 03_1021.wav இருக்கிறது. 03_1052.wav இருக்கிறது. இடையில் ஒன்றும் இல்லை.

பத்து நாற்பதின் ஃபைல் இருந்திருந்தால் எந்த சார் என்பது தெரிந்திருக்கும்.

மேனேஜர் தன் அறை வாசலிலேயே வரவேற்றார். இஸ்திரி கலையாத சட்டை, தணிந்த குரல். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

“பாவம் அந்தப் பொண்ணு. என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க. ஆனா நான் போலீஸ்கிட்டயே சொல்லிட்டேன். ரெக்கார்டிங்கத் தொட்டு அழிக்கத் தெரிஞ்சவன் இங்க ஒருத்தன்தான். அதனாலதான் அன்னிக்கே அவனை லீவுல அனுப்பிட்டேன்.”

“புரோகிராமரையா?”

“நான் யார் பேரையும் சொல்லல.”

“இங்க யாருக்கும் பேரே சொல்ல வர்றதில்ல சார்,” என்றான் வெட்டி.

உளி மேஜையைப் பார்த்தாள். ஒரு கம்ப்யூட்டர். திரையில் ரெக்கார்டிங் ஃபைல்களின் வரிசை.

“இங்கேர்ந்தே எல்லாத்தையும் பாக்கலாமா?”

“பாக்கலாம். கேக்கலாம். அழிக்கணும்னா பாஸ்வேர்டு கேக்கும், யார் அழிச்சாங்கன்னு எழுதியும் வச்சுக்கும். அதுல திங்கட்கிழமை ஒண்ணுமே விழல. அப்படித் தடயமில்லாம செய்யணும்னா…” அவர் கைகளை விரித்தார். “நான் அந்தக் கால ஆளு. எனக்கு இதெல்லாம் புரியாது.”

கம்ப்யூட்டர் ரூமில் புரோகிராமர் காத்திருந்தான். உளி போன் செய்து வரவழைத்திருந்தாள். முப்பது வயது. இரண்டு நாள் தாடி. கை விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தான்.

“நான் அழிக்கல. எத்தனை தடவை சொல்றது?”

“ஒரே தடவை, நம்பற மாதிரி,” என்றாள் உளி. “கையால அழிச்சா பேரு விழும். பேரு விழாம ஒரு ஃபைல் போக வேற வழி இருக்கா?”



“இருக்கு. தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு என் புரோகிராம் ஓடும். ஒவ்வொரு ஃபைல் பேரையும் எடுத்து எக்ஸ்டென்ஷன் என்னன்னு பாக்கும்.”

“தமிழ்ல.”

“பேரோட வால் மேடம்,” என்றான் வெட்டி. “புள்ளி வச்சு, புள்ளிக்கு அப்புறம் வர்றது. wav-னு வால் இருந்தா சத்தம். jpg-னு இருந்தா படம். என்னை மாதிரி வால் மட்டும் இருந்து பேரு இல்லாத ஜென்மங்களும் உண்டு.”

“wav-னு இருந்தா கிடங்கு ஃபோல்டருக்கு அனுப்பும்,” என்றான் புரோகிராமர். “tmp-னு இருந்தா குப்பை. அழிச்சிடும். அத யாரும் எழுதி வைக்கிறதில்ல. குப்பை அள்றதுக்கெல்லாம் கணக்கா எழுதுவாங்க?”

“அப்ப ஒருத்தர் 03_1040-ஓட வாலை tmp-னு மாத்தி வச்சுட்டா?”

“பன்னிரண்டரைக்குத் தானா போயிடும்.”

“பேர் மாத்தறதுக்குப் பாஸ்வேர்டு?”

“கேக்காது.”

“tmp-னு வச்சா போயிடும்னு யார் யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும். நானே மீட்டிங்ல சொல்லியிருக்கேன்.” சொல்லிவிட்டுத்தான் அது தனக்கு உதவவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. “ஆனா நான் இல்ல! எனக்கும் அந்த மெக்கானிக்குக்கும் என்ன இருக்கு?”

“அது எனக்குத் தெரியாது. ரெண்டு பேர்ல ஒருத்தர் மேஜையில பேசியிருக்கீங்க. பேசினவர் அழிச்சிருக்காரு. தடயமில்லாம அழிக்கிற வழி உன் கையால செஞ்சது. இன்ஸ்பெக்டர்கிட்ட நான் இதைச் சொன்னா, மூணு மணிக்கு அந்தப் பையன் கூட நீயும் வண்டியில ஏறுவ.”

புரோகிராமரின் விரல்கள் நின்றுவிட்டன. மேலே ஏதோ ஒரு லிஃப்ட் இறங்கியது. மேஜை மேல் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

வெட்டி சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனான்.

“புரோகிராம் எதுல எழுதினது?”

“C-ல.”

“காட்டுங்க.”

“எதுக்கு? நாலு வருஷமா ஓடுது. அதுல தப்பே கிடையாது.”

யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில். உளி அவன் முகத்தைப் பார்த்தாள்.

“காட்டுப்பா,” என்றாள்.

காட்டினான். வெட்டி படித்தான். படித்தபோது மட்டும் அவன் வாய் சும்மா இருந்தது. பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தான்.

char *vaal = strchr(peyar, '.');
if (vaal && strcmp(vaal, ".tmp") == 0)
    remove(peyar);

“பேர்ல புள்ளியே இல்லேன்னா என்ன பண்றதுன்னு பாத்திருக்கீங்க. நல்ல பிள்ளை. ஆனா புள்ளிய எந்தப் பக்கத்துலேர்ந்து தேடுது இது?”

வெட்டி உளியின் பக்கம் திரும்பினான்.

“இடது பக்கத்துலேர்ந்து மேடம். முதல் புள்ளியப் பாத்ததும் நின்னுடுது. அங்கேர்ந்து கடைசி வரைக்கும் இருக்கிறது பூராவும் வால்னு எடுத்துக்குது. கடைசிப் புள்ளியத் தேடணும். வால் பின்னாடிதானே இருக்கும்?”

“ஒரு புள்ளிதான் இருக்குன்னா ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள் உளி.

“ஒண்ணுதான். அதனாலதான் நாலு வருஷமா ஓடியிருக்கு. ரெண்டு புள்ளி வந்தா?” வெட்டி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். “சொல்றதை விடச் செஞ்சு காட்டிடறேன்.”

தனியாக ஒரு ஃபோல்டரில் மூன்று வெற்று ஃபைல்களை உண்டாக்கினான். ஒன்றுக்கு a.tmp. அடுத்ததற்கு b.wav. மூன்றாவதற்கு c.wav.tmp. புரோகிராமை ஓட்டினான்.

a காணாமல் போனது. b கிடங்குக்குப் போனது. மூன்றாவது அழியவும் இல்லை, கிடங்குக்கும் போகவில்லை.

“அதோட வால் .wav.tmp-னு நினைச்சுக்கிட்டுச்சு,” என்றான் வெட்டி. “அது wav-வும் இல்ல, tmp-யும் இல்ல. எங்க சித்தப்பா மாதிரி, எந்தப் பந்தியிலயும் உக்கார வைக்க முடியாது. அத எங்க அனுப்பும் உங்க புரோகிராம்?”



“‘மற்றவை’ன்னு ஒரு ஃபோல்டர்.”

“உனக்கு இந்தத் தப்பு எப்பத்திலேர்ந்து தெரியும்?” என்றாள் உளி.

“முதல் வருஷத்திலேர்ந்தே. சரிபண்ணினா, இதுக்கு முன்னாடி ஏன் பண்ணலன்னு கேப்பாங்க. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானே அந்த ஃபோல்டரைத் திறந்து, வழிதவறி வந்ததையெல்லாம் கையால எடுத்து வச்சிடுவேன். யாருக்கும் தெரியாது.”

“திங்கட்கிழமை அஞ்சு மணிக்கு?”

“அன்னிக்கு மத்தியானமே மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாரு.”

“அப்ப ரெண்டு நாளா அத யாரும் திறக்கல.” உளியின் குரல் உயரவில்லை. “இதைக் கேட்டவுடனே நீ சொல்லியிருக்கணும். ஒரு உயிர் போயிருக்கு. ஒரு பையன் அடி வாங்கிட்டிருக்கான். நீ உன் மானத்தைப் பொத்தி வச்சிட்டிருக்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தானே அந்த ஃபோல்டரைத் திறந்தான்.

நாற்பத்தொரு ஃபைல்கள். வெட்டி ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான். பதினேழாவதில் நின்றான்.

03_1040.wav.tmp

மூவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை.

“இது நீ இல்ல,” என்றாள் உளி புரோகிராமரிடம்.

அவன் நிமிர்ந்தான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இந்தப் புரோகிராமை எழுதினவன், ரெண்டு புள்ளி வச்சா அழியாதுன்னு தெரிஞ்சவன், wav-அ எடுத்துட்டுத்தான் tmp-னு வச்சிருப்பான். இதைச் செஞ்ச ஆளுக்கு மீட்டிங்ல காதுல விழுந்தது மட்டும்தான் தெரியும். கடைசியில tmp-ய ஒட்டிட்டாப் போதும்னு நினைச்சு ஒட்டிட்டுப் போயிட்டாரு. பன்னிரண்டரைக்கு அப்புறம் பாத்தாரு, ஃபைல் வரிசையில இல்ல. அழிஞ்சிடுச்சுன்னு நம்பிட்டாரு. உன்னை வீட்டுக்கு அனுப்பினது பழியை உன் மேல போடத்தான். ஆனா அனுப்பினதாலதான் இது இங்க அப்படியே கிடக்கு.”

“இது புரியாத அந்தக் கால ஆளு,” என்றான் வெட்டி. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

உளி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். நான்கே வாக்கியம். பிறகு கதவைத் திறந்து, பெஞ்சில் இருந்தவளைக் கூப்பிட்டாள்.

“ஃபைல் கிடைச்சிருக்கும்மா. நான் இன்னும் கேக்கல. உன் வீட்டுக்காரர் குரலும் இதுல இருக்கும். நீ வெளிய இருக்கணும்னா இரு.”

“போடுங்க.”

எதிர் அறையிலிருந்து மேனேஜரும் வந்துவிட்டார். உளி அவரைக் கூப்பிடவில்லை. கதவு திறந்த சத்தத்துக்கே வந்திருந்தார்.

“என்ன, எதாவது கிடைச்சுதா?”

“உக்காருங்க சார்,” என்றான் வெட்டி. “உங்களுக்குப் பிடிச்ச நாற்காலியா பாத்து.”

அவர் உட்காரவில்லை. வெட்டி பெயரின் கடைசியில் ஒட்டியிருந்த நான்கு எழுத்துகளை நீக்கிவிட்டு ஃபைலை ஓடவிட்டான்.

முதலில் இரைச்சல். பிறகு, குழிக்குள்ளிருந்து எதிரொலியோடு, ஒரு நடுத்தர வயதுக்காரரின் நிதானமான குரல்.

“கன்ட்ரோல், மூணாவது குழி. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன். பத்து நிமிஷம் ஆகும். கரண்ட் போட்டுடாதீங்க.”

“சரி,” என்றது இன்னொரு குரல்.

மெக்கானிக்கின் மனைவி சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

ஒன்பது வினாடி ஒன்றும் இல்லை. திரையில் எண்கள் மட்டும் ஓடின. சேனல் மாற்றும் பொத்தான் ‘டக்’ என்றது.

“மோட்டார் ரூம். ஆள் வெளிய வந்தாச்சு. போட்டுக்கோ.”

ஒரு இளைஞனின் குரல், மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தியது. “மாமாவே சொன்னாரா சார்?”

“நான்தான் சொல்றேனே.”

“சரி சார்.”

ஃபைல் முடிந்தது. தணிந்த, மரியாதையான குரல் அது. நாற்காலியைத் தானே இழுத்துப் போடுகிறவரின் குரல்.

“எனக்குச் சரியாக் காதுல விழல,” என்றார் மேனேஜர். “வெளிய வந்துட்டேன்னு சொன்னான்னு நினைச்சுட்டேன். அப்புறம் பயந்துட்டேன். தப்புதான். விபத்து அது.”

“பத்து நிமிஷம் ஆகும்னு ஒருத்தர் சொல்றாரு. நீங்க சரின்னு சொல்றீங்க. ஒன்பது செகண்ட் யோசிக்கிறீங்க. காதுல விழாதவருக்கு யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் உளி.



“அவரு ஞாயித்துக்கிழமை என்கிட்ட சொன்னாரு,” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. யாரையும் பார்க்காமல் பேசினாள். “மூணாவது லிஃப்டோட கயிறு பாதி அறுந்து கிடக்கு, எட்டு மாசமா எல்லாம் நல்லாயிருக்குன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரு, நாளைக்குக் குழியில இறங்கி அடிப்பாகத்தையும் பாத்துட்டு மேலிடத்துக்கு எழுதப்போறேன்னாரு. யாரு போட்ட கையெழுத்துன்னு நான் கேக்கல.”

“லிஃப்ட்ல தினமும் ஆயிரம் பேர் போறாங்கம்மா,” என்றார் மேனேஜர். “ஒண்ணும் ஆகல. எட்டு மாசமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அவன் அதை எழுதியிருந்தா என் இருபத்தாறு வருஷ சர்வீஸ்…”

தான் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டார். புரோகிராமர் அவரிடமிருந்து ஒரு அடி விலகி நின்றான்.

“என் தம்பி கேட்டானே,” என்றாள் அவள். “மாமாவே சொன்னாரான்னு. அப்பவாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?”

அவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“நான் என் ரூமுக்குப் போறேன். வக்கீல்கிட்ட பேசணும்.”

“பேசுங்க,” என்றாள் உளி. “இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாரு. இருபது நிமிஷம். வெட்டி, இதை நாலு இடத்துல காப்பி எடு. ஒண்ணு என் போன்ல.”

“எடுத்தாச்சு மேடம். அஞ்சாவதா எங்கம்மாவுக்கும் அனுப்பியிருக்கேன். அவங்ககிட்ட போனது உலகத்துல யாராலயும் அழிக்க முடியாது.”

மேனேஜர் நடைபாதையைக் கடந்தார். அவசரப்படவில்லை. இரண்டு நாளாக எப்படி நடந்தாரோ அப்படியே நடந்தார். தன் அறைக்குள் போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து போனை எடுத்தார். அந்த அறைக்கும் ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு ஒன்றுதான். அதன் வெளிப்பக்கத்தில், பூட்டிலேயே, ஒரு கொத்துச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கின் மனைவி அவர் பின்னாலேயே வந்திருந்தாள். உளி பார்த்தாள். தடுக்கவில்லை.

“என்னம்மா?” என்றார் அவர், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

“ஒண்ணுமில்ல சார். இருபது நிமிஷம்தான். என் தம்பி ரெண்டு நாளா உள்ள இருக்கான்.”

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் பாதித் தூரம் வருவதற்குள், அவள் இரண்டு கைகளாலும் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.